நான்கு விரல் அட்டை

கடைத் தட்டில் இசை இதழின் அட்டை முழுதாகத் தெரிவதில்லை. இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். மேலே நான்கு விரல் அகலம்தான் கண்ணில் படும். அதனால் அட்டையை வடிவமைக்கும் விஜயன் இதழின் பெயரை அங்கே வைப்பான். பெயருக்குக் கீழே நடுவில் கொஞ்சம் வெற்றிடம் விடுவான். கடைக்காரர்கள் விலையை ஒட்டும் இடம் அது.

இந்த மாதம் அந்த இடத்தை விடவில்லை.

அட்டையில் தனேஸ். விஜயனோடு ஒரே எஸ்டேட் லைன் வீட்டு வரிசையில் வளர்ந்தவன். எஸ்டேட் திருவிழாக்களில் பாடி, முதல் பாட்டை வெளியிட்டிருந்தான். அட்டைக்குப் படம் எடுத்த மறு வாரம் ரிங்லெட் மலைப்பாதை வளைவில் லோரி மோதி இறந்துபோனான்.

கருமாதிக்கு உறவினர்கள் அவன் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார்கள். அவன் அம்மா நீலாவதி அதை மாட்டவில்லை. துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டாள்.

"மாட்டுனா பொட்டு வைக்கச் சொல்லுவாங்க. வச்சிட்டா அவ்வளவுதான். கடையில மத்த பாட்டுக்காரங்களோட நிக்கட்டும், நான் போய்ப் பாத்துக்கிறேன். வாசல்ல நின்னாலே முகம் தெரியணும் விஜயா."

விஜயன் முகத்தை மேலே ஏற்றினான். தலைமுடி இதழின் பெயரைப் பாதி மறைத்தது. வெற்றிடம் இருந்த இடத்தில் நெற்றி வந்தது.

இதழ் வந்ததும் இருவரும் தானா ராத்தா டவுன் கடைக்குப் போனார்கள். நீலாவதி புதுச் சேலை கட்டி, மேலே ஸ்வெட்டர் போட்டிருந்தாள். எல்லாரும் 'நானா' என்று அண்ணன் முறையில் கூப்பிடும் கடைக்காரர் ஸுல்கிஃப்லி விஜயனைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாடா. போன மாசம் உன் புத்தகம் ஸ்ட்ராபெரி மாதிரி கெடந்து அழுகிச்சு. இந்த மாசந்தான் நகருது லா."

நீலாவதி வாசலிலேயே நின்றுவிட்டாள். தட்டு முழுக்கத் தனேஸின் கண்களும் நெற்றியும். ஒவ்வொரு நெற்றியின் நடுவிலும் சிவப்பு வட்டமாக விலை.

விஜயன் அதைப் பிறகுதான் பார்த்தான்.

அவள் போய் முன்னால் இருந்த இதழை எடுத்தாள். தேயிலைக் கறை படிந்த நகத்தால் வட்டத்தின் ஓரத்தைக் கிளப்பினாள். அட்டையின் தோலும் சேர்ந்து வந்தது. நெற்றியில் வெள்ளையாக ஒரு குழி.

"அது வராது தங்கச்சி. வேற எடுத்துக்க."

"எல்லாத்துலயும் ஒட்டிட்டீங்களா, நானா?"

"எல்லாத்துலயும்தான். எப்பவும் அங்கதானே ஒட்டுவேன்." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "தெரிஞ்ச புள்ளையா?"

"என் மவன்."

இதழின் உள்ளே இருந்த இரங்கல் செய்தியை ஸுல்கிஃப்லி படித்திருந்தார். மேசையிலிருந்து கையை எடுத்தார். தட்டின் பக்கம் வந்தார்.

"நான் பிச்சுர்றேன்மா. எல்லாத்தையும்."

"வேணாம். பிச்சா நெத்தி போயிரும்."

விஜயன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கேட்கவில்லை. அடுத்த இதழை எடுத்து வெகுநேரம் பார்த்தாள். வட்டத்தின்மேல் கட்டைவிரலை வைத்து, அதிலும் லேசாகப் பெயர்ந்திருந்த ஓரத்தை அழுத்தி ஒட்டினாள்.

"விஜயா, அலமாரியில அந்தப் படம் இருக்குல்ல. வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போ. வீட்டுல ஆணி இல்ல."

ஸுல்கிஃப்லி உள்ளே போனார். கை நிறைய ஆணிகளோடு திரும்பி வந்தார்.

"ஒண்ணு போதும், நானா" என்றாள்.