செவ்வாய்க்கிழமை வரை சொல்லாதது

தனேலி ராவ்தகோஸ்கி வீட்டில் அதிகம் பேசுகிறவனில்லை. பேசினால் பாதி நேரம் டைரக்டரி சர்வரைத் திட்டுவதற்காகத்தான். ஓவுலு நகரத்தில், ஆற்றைப் பார்த்த ஒரு கட்டடத்தின் மாடியில், அந்த மென்பொருளைப் பராமரிக்கும் சிறிய குழுவில் அவன் வெகுகாலமாக இருக்கிறான். ஒரு நிறுவனத்தில் யார் யார் வேலை செய்கிறார்கள், அவர்களுடைய கடவுச்சொல் என்ன, யாருக்கு எது திறக்கும் என்பதையெல்லாம் அந்த மென்பொருள்தான் வைத்திருக்கும். காலையில் ஒரு டாக்டர் தன் பெயரைத் தட்டியதும் அவர் கணினி இதனிடம்தான் கேட்கும், இவரை உள்ளே விடலாமா என்று.

அந்தப் பகுதியின் சுகாதார நிலையங்களுக்கெல்லாம் அப்படிப் பதில் சொல்லும் சர்வரைக் கவனித்துக்கொள்பவள் அவன் மனைவி சிர்க்கு. அதனால் அவன் திட்டும்போது அவளும் சேர்ந்துகொள்வாள். புது உருளைக்கிழங்கும் புகைபோட்ட மீனும் சாப்பிட்டபடி இருவரும் ஒரே பிராணியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பது அந்த வீட்டின் சந்தோஷங்களில் ஒன்று.

ஜூன் கடைசியில் நார்வேயின் பெர்கனிலிருந்து இங்குன் என்ற ஆராய்ச்சியாளர் எழுதினாள். வேண்டுமென்றே கோணலாக்கிய கேள்விகளை ஓயாமல் சர்வர்மீது எறிந்து பார்ப்பது அவள் தொழில். ஒரு கேள்வியில் சர்வர் விழுந்துவிட்டது. ஓர் ஊழியரை ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் அதே கணத்தில் வேறு யாராவது அவருடைய விவரத்தைப் படித்துக்கொண்டிருந்தால், படித்து முடிக்கும் முன்பே அந்த விவரம் இருந்த நினைவக இடம் காலி என்று திருப்பித் தரப்பட்டுவிடுகிறது. அங்கே வேறு ஏதோ வந்து அமர்கிறது. படிப்பவருக்கு அது தெரியாது.

"காப்பி எடுக்க எழுந்து போறோம், அதுக்குள்ள நம்ம நாற்காலியில இன்னொருத்தன் உட்கார்ந்துட்டான். நாம திரும்பிப் பாக்காம வந்து அவன் மடியில உட்காருறோம்," என்றான் பக்கத்து மேசை ஓஸ்ஸி.

"உட்கார்ந்து நம்ம சாவிக்கொத்தையும் அவன்கிட்ட குடுத்துடுறோம்," என்றான் தனேலி. வந்து அமர்வது எது என்பதை ஒரு திருடன் தீர்மானிக்க முடிந்தால், சர்வர் அதன்பின் அவன் பேச்சைத்தான் கேட்கும்.

இப்படிப்பட்ட ஓட்டைகளைப் பற்றி எல்லோருக்கும் பொதுவான ஒரு வழக்கம் உண்டு. திருத்தம் வெளியாகும் நாள்வரை, தெரிந்த சிலரைத் தவிர எவரிடமும் மூச்சு விடக்கூடாது. வெளியாகும்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். நாள் வியாழக்கிழமை என்று முடிவாயிற்று. தனேலிக்கு உள்ளூர நிம்மதி. சிர்க்குவின் கோடை விடுமுறை வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. அவள் கையாலேயே திருத்தத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பலாம். ஜூலையில் அவள் அலுவலகத்தில் மிஞ்சுவது கோடைக்கு மட்டும் வரும் ஒரு தற்காலிக ஆள் மட்டும்தான், அவனுக்கு அந்த சர்வரைத் தொட அனுமதி கிடையாது.

திருத்தம் கடினமாக இல்லை. ஒரு விவரத்தை எத்தனை பேர் கையில் வைத்திருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும், கடைசிக் கை விலகிய பிறகே இடத்தைத் திருப்ப வேண்டும். எழுதினான். இங்குனின் கோணல் கேள்விகளை மறுபடி எறிந்தான். சர்வர் அசையவில்லை.

வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்பு, மதிய வேளையில், ஓஸ்ஸி சாப்பிடப் போயிருந்தபோது, தனேலிக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஓர் ஆளை மாற்றாமல், ஒரு பிரிவையே முழுதாக நீக்கினால்? சோதித்துப் பார்த்தான். சர்வர் விழுந்தது. அதே தவறு, வேறொரு வழியாக.

அவன் திரையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். இங்குன் இதைப் பார்க்கவில்லை. வேறு யாரும் பார்க்கவில்லை. இருப்பதை வியாழனன்று வெளியிட்டுவிட்டு, இதை ஆகஸ்டில் சத்தமில்லாமல் சேர்த்துவிடலாம். சிர்க்கு நிம்மதியாக ஏரிக்கரைக் குடிலுக்குப் போவாள். ஆனால் திருத்தம் வெளியான மறுநிமிடமே அதைப் படிக்க உட்காருகிற திருடர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் தேடுவது பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறதா என்பதைத்தான். பாதியை அடைத்து வெளியிடுவது, மீதிக்கு வழி காட்டுவது மாதிரி. அது அவனுக்கு உடனே தெரிந்தது. தெரிந்த பிறகும் கொஞ்சநேரம் தெரியாதது போல உட்கார்ந்திருந்தான் என்பதுதான் அவனைச் சங்கடப்படுத்தியது.

ஓஸ்ஸி வந்ததும் காட்டினான்.

"ஐயா சாமி, இதை நாளன்னிக்கு அப்புறம் கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா நீ?"

"இங்குனுக்கு எழுதிட்டேன்."

"அதானே. எனக்குச் சொல்றதுக்கு முன்னாடி நார்வேக்குப் போயிடுச்சு."

புதிய நாள் அடுத்த செவ்வாய் என்று வந்தது. மென்பொருளைத் தங்கள் பயனர்களுக்குக் கொண்டுசேர்க்கும் மற்ற குழுக்களால் அதற்குமுன் தயாராக முடியாதாம். சிர்க்கு அப்போது ஏரிக்கரையில் இருப்பாள். கதவு திறந்திருப்பது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு, அவள் சர்வர் மட்டும் வாரக்கணக்கில் திறந்தே கிடக்கும்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, சர்வர் என்ற சொல்லே வாயில் வந்துவிடக் கூடாது என்று மீனைப் பற்றி ஏதோ சொன்னான். சிர்க்கு அவனைப் பார்த்தாள்.

"ஒரு வாரமா அதை நீ திட்டவே இல்ல," என்றாள்.

"எதை?"

"எதைன்னு கேக்குற பாரு."

அவன் உருளைக்கிழங்கின் தோலை உரித்தான். ஏற்கெனவே உரித்ததுதான் அது. வெளியே யாரோ புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டினார்கள், நிறுத்தினார்கள். அவள் எழுந்து தட்டைக் கழுவினாள். முதுகைக் காட்டியபடியே சொன்னாள்:

"நான் உன்னை ஒண்ணும் கேக்கல. அதனால நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் காலணியைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று சொன்னாள். "லீவை ஒரு வாரம் தள்ளிட்டேன்."

"ஏன்?"

"கொசு. ஜூலை ரெண்டாவது வாரத்துல ரொம்ப இருக்கும்."

"மூணாவது வாரத்துல?"

"அப்பவும் இருக்கும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நன்றி என்று சொல்ல நினைத்தான். சொன்னால் அதுவே சொல்லிவிட்டது மாதிரி ஆகிவிடும். காப்பி போட்டு அவள் பக்கத்தில் வைத்தான். அவள் குடித்தாள். அன்று மாலை முழுவதும் அவ்வளவுதான் பேச்சு. அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனாலும் மறுநாள் ஓஸ்ஸியிடம் மனம் பொறுக்காமல் கேட்டுவிட்டான்.

"சிர்க்கு லீவைத் தள்ளிட்டா. நான் வாக்கை மீறிட்டேனா?"

"என்ன சொன்ன அவகிட்ட?"

"ஒண்ணும் சொல்லல."

"உனக்கு அதுதான்டா வில்லங்கம். வாயைத் திறந்து நாலு பொய் சொல்லியிருந்தா அவ நம்பியிருப்பா." ஓஸ்ஸி சிரித்தான். "எங்க ஓட்டைன்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அவளுக்குத் தெரிஞ்சது இந்த சர்வர்ல ஏதோ கோளாறுன்னு மட்டும்தான். அது இந்த ஊர்ல யாருக்குத்தான் தெரியாது? போய் வேலையைப் பாரு."

வெள்ளியும் திங்களும் இரண்டாவது வழியை அடைப்பதில் போயின. மூன்றாவது வழி இருக்கிறதா என்று இருவரும் தேடினார்கள். இல்லை என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. தேடிய இடத்தில் இல்லை.

செவ்வாய் பிற்பகல் அறிவிப்பு வெளியாயிற்று. சற்றுநேரத்தில் சிர்க்குவின் அழைப்பு வந்தது.

"ஒரு சந்தேகம்," என்றாள், முன்பின் தெரியாத அலுவலகத்திலிருந்து கூப்பிடுகிறவள் போல. "பழைய தரவு அப்படியே இருக்கலாமா, மாத்தணுமா?"

"அப்படியே இருக்கலாம். நிறுத்து, புதுசைப் போடு, ஓட்டு."

அவ்வளவுதான் பதில். ஆனால் இப்போது சொல்லலாம் என்பது நினைவுக்கு வந்ததும் அவனால் நிறுத்த முடியவில்லை. நினைவக இடம் எப்படிக் கைமாறியது, யார் கையில் இருக்கும்போது யார் விட்டார்கள், பிரிவை நீக்கும்போது ஏன் எண்ணிக்கை தப்பியது என்று எல்லாவற்றையும் சொன்னான். ஓஸ்ஸி தலையைத் தூக்கிப் பார்த்தான். இவ்வளவு நீளமாக அவன் பேசி ஓஸ்ஸி கேட்டதே இல்லை.

"அந்த ரெண்டாவதை யாரு கண்டுபிடிச்சது?" என்று சிர்க்கு கேட்டாள்.

"நான்."

"அது இல்லேன்னா வியாழக்கிழமையே முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்கும்."

மறுமுனையில் தொலைபேசியை மேசைமீது வைக்கும் ஓசை கேட்டது. பிறகு விசைப்பலகையின் சத்தம் மட்டும். அவன் துண்டிக்கவில்லை, அவளும் துண்டிக்கவில்லை. சர்வர் நின்றிருக்கும் அந்த இடைவெளியில் எங்கோ ஒரு டாக்டர் தன் பெயரைத் தட்டிவிட்டு எரிச்சலோடு காத்திருப்பார். தனேலி ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்துடுச்சு," என்றாள் அவள். "உள்ள போறாங்க."

"எல்லாரும்?"

"எல்லாரும்."