எந்த மாதிரி வலி

இரண்டாம் நாள் காலையில் அவள் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினாள். கைப்பிடிக் கம்பியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, ஏணியிலிருந்து இறங்குகிறவளைப் போல, ஒவ்வொரு படியையும் காலால் துழாவித் துழாவி இறங்கினாள். முன்பக்கமாக இறங்கிப் பார்த்தாயிற்று. முதல் படியிலேயே தொடைகள் இரண்டும் கையை விரித்துவிட்டன. எதிரே ஏறி வந்த மேல்வீட்டு டீச்சர் சுவரோரம் ஒதுங்கி நின்று, "என்னங்க, ஏதாவது தொலைச்சுட்டீங்களா?" என்று கேட்டாள். "இல்லைங்க, சைக்கிள்" என்றாள் இவள். அதற்கு மேல் விளக்கத் தெம்பில்லை. ஏறும்போது இவ்வளவு வலிக்கவில்லையே, இறங்கும்போது மட்டும் ஏன் உயிர் போகிறது என்ற கேள்வி இரண்டு மாடியும் அவளோடு கூடவே இறங்கி வந்தது.

ஆற்றுப்பாலத்தில் பழுதுபார்க்கும் வேலை தொடங்கியிருந்தது. பஸ்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு போக ஒன்றரை மணி நேரம் ஆனது. நடப்பவர்களையும் சைக்கிளையும் மட்டும் பாலத்தின் ஓரமாக விட்டார்கள். அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். கடை அக்கரையில், வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர். கடையில் லென்ஸ் வெட்டுகிற அண்ணன் தன் மகள் விட்டுப்போன சைக்கிளைத் துடைத்து, காற்றடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். "ஏறி உட்காருங்க மேடம், தானா வந்துடும்" என்றார். நாற்பத்தாறு வயது. கடைசியாக ஓட்டியது கல்லூரிக் காலத்தில். ஏறி உட்கார்ந்ததும் அவர் சொன்னபடியே தானாக வந்தது. பாலன்ஸ் அப்படியே இருந்தது. ஆனால் தொடைக்கும் முழங்காலுக்கும் யாரும் தகவல் சொல்லியிருக்கவில்லை.

முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கணவரிடம் பெருமையாகச் சொன்னாள். "போக ஏழு, வர ஏழு. ஒண்ணுமே ஆகலைங்க."

ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தவர் சிரித்தார். "காலையில எழுந்திரிச்சிட்டுச் சொல்லு."

அவர் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மூன்று வருடங்களுக்கு முன்பு லிப்ட் ஓடும் குழிக்குள் ஒன்றரை மாடி உயரத்திலிருந்து விழுந்தார். எலும்பு கூடிவிட்டது. வலி போகவில்லை. இப்போது அதே கம்பெனிக்குப் படுத்தபடியே போனில் புகார் வாங்குகிறார். எந்தக் கட்டடம், எந்த மாடி, உள்ளே ஆள் இருக்கிறாரா என்று கேட்டு, பக்கத்தில் இருக்கிற மெக்கானிக்கை அனுப்பிவைப்பார். ஒரு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதுல ஒண்ணும் இல்லையேம்மா" என்று சொன்ன நாளிலிருந்து அவள் மனத்துக்குள், செருப்புக்குள் புகுந்த மணல்போல, ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டிருந்தது. விருந்தாளிகள் வந்தால் அவருடைய முனகல் ஒரு சுதி கூடுவதாகத் தோன்றும். வேறு சில நாட்களில் காலையிலிருந்து சத்தமே இருக்காது. அவள் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

கடையில் அவள் பகலெல்லாம் கேட்பது ஒரே கேள்விதான். "இது தெளிவா தெரியுதா, முன்னாடி வச்சது தெளிவா?" அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதை எழுதிக்கொள்வாள். அவர்கள் கண்ணுக்குள் புகுந்து அவளால் பார்க்க முடியாது. ஒருவரையும் அவள் நம்பாமல் இருந்ததில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் நாற்காலியில் தவணை முறையில் உட்கார்ந்தாள். முதலில் கை, பிறகு ஒரு பக்கம், பிறகு "அம்மாடி" என்றபடி மறுபக்கம்.

"எங்க வலிக்குது?" என்றார் அவர்.

"எல்லா இடத்துலயும்."

"அப்படிச் சொன்னா எப்படி? லிப்ட் நின்னா எந்த மாடியில நிக்குதுன்னு சொல்லணும்ல."

வலியையும் மீறி அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் விடவில்லை. "எந்த மாதிரி வலி? குத்துதா, குடையுதா, கடுக்குதா, எரியுதா, இழுத்துப் பிடிக்குதா?"

இதெல்லாம் வேறு வேறு என்று அவள் யோசித்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உடம்புக்குள் தேடிப் பார்த்தாள். வேடிக்கையாக இருந்தது. ஒரே இருட்டாகக் கிடந்த வீட்டில் ஒவ்வோர் அறையாக விளக்குப் போடுவதுபோல. "தொடையில கடுக்குது. தொட்டா இன்னும் ஜாஸ்தி. கையில எறும்பு ஊருது, சுண்டு விரல் பக்கம். வலது முழங்கால் முன்னாடி, ஒரே இடத்துல, ஊசி மாதிரி. அப்புறம்... அந்த இடத்தை நான் சொல்ல மாட்டேன்."

"சைக்கிள் சீட்டு. சரி, குறிச்சுக்கிட்டேன்" என்றார் புகார் வாங்கும் குரலில். பிறகு நிதானமாகச் சொன்னார். "தொடை கடுப்பு நாளைக்கு இன்னும் ஏறும். மூணாம் நாள் உச்சம். அப்புறம் தானா இறங்கும். பயப்படாதே. ஆனா பொத்துன்னு படுத்துடாதே. வெந்நீர் ஊத்திக்கோ, வீட்டுக்குள்ளயே நட, நாளைக்கு மெதுவா மிதி. கையைத் தளர்த்திப் பிடி, ஹேண்டில்பார் எங்கயும் ஓடிப்போயிடாது. முழங்கால்தான் வேற. ஒரே புள்ளியில குத்தினா அது கடுப்பு இல்ல. சீட்டு தணிவா இருக்கும்."

"இதெல்லாம் எப்படிங்க தெரியும்?"

"எனக்கு வேற என்ன வேலை? மூணு வருஷமா ஒரே பாடம்தானே."

மூன்றாம் நாள் அவர் சொன்னபடியே ஏறியது. அதுவே அவளுக்கு ஓர் ஆர்வத்தைக் கொடுத்தது. கிளம்பும்போது கால்கள் முரண்டு பிடித்தன. பாலத்துக்கு வந்து சேர்வதற்குள் உடம்பு சூடேறி, கடுப்பு எங்கே போனதென்றே தெரியாமல் கரைந்தது. கடையில் ஸ்டூலில் அரைமணி உட்கார்ந்து எழுந்தபோது மறுபடி ஆஜராகியிருந்தது. எங்கே போயிருந்தாய் என்று அதைக் கேட்க வேண்டும்போல இருந்தது. கண் வலிக்கிறது என்று வந்த ஒரு பெரியவரிடம், "எந்த மாதிரி வலிங்க?" என்று கேட்டாள். அவர் ஒரு நிமிடம் திகைத்துவிட்டு, பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினார். லென்ஸ் அண்ணன் உள்ளேயிருந்து எட்டி எட்டிப் பார்த்தார்.

நான்காம் நாள் சாயங்காலம் தன் தொடையின் நிலவரத்தை ஒப்பித்து முடித்தாள். முடித்தவள், அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டே கேட்டாள். "உங்களுக்கு எந்த மாதிரிங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. "பதட்டப்படாதீங்க சார். உள்ள இருக்கிறவங்களைக் கதவைத் தள்ள வேண்டாம்னு சொல்லுங்க. ஆள் வந்துட்டே இருக்கு" என்றார். இன்னொரு போன் போட்டு ஆளை அனுப்பினார். பிறகு போனை மார்பின்மேல் கவிழ்த்துவைத்தார்.

"எப்படி இருக்குன்னு தினமும் கேட்ப. எந்த மாதிரின்னு கேட்டதில்ல" என்றார்.

"இப்பதானே தெரிஞ்சுது."

"இடுப்புக்குக் கீழ, வலது பக்கம், கம்பியைக் காய்ச்சி உள்ள வச்ச மாதிரி ஒண்ணு. அது எப்பவும் இருக்கும். இன்னொண்ணு வலின்னே சொல்ல முடியாது. கால் என்னோடதே இல்லங்கிற மாதிரி, யாரோ விட்டுட்டுப் போன கால் மாதிரி. அதுதான் பயமா இருக்கும்."

அவள் அந்தக் காலைப் பார்த்தாள். வெளியிலிருந்து பார்க்க அது வெறும் கால்தான். "ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது" என்றாள். "சில சமயம் நீங்க நடிக்கிறீங்களோன்னு நினைச்சிருக்கேன்."

"தெரியும்."

"எப்படி?"

"நீ டம்ளரை வைக்கிற சத்தத்துலயே தெரியும்." சற்றுநேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நடிச்சும் இருக்கேன்" என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

"நிஜமா வலிக்கிறப்போ சத்தம் வராதும்மா. மூச்சு விடுறதையே பார்த்துப் பார்த்து விடணும். கொஞ்சம் குறைஞ்சாத்தான் முனகவே முடியும். சத்தம் போடாம கிடந்தா நான் நல்லா இருக்கேன்னு நீ நினைச்சுக்குவ. அதனால முடியுற நாள்ல, முடியாத நாளுக்கும் சேர்த்து முனகி வச்சிடுவேன்."

அவளுக்குச் சுரீரென்று கோபம்தான் முதலில் வந்தது. அது நிலைக்கவில்லை. சத்தமில்லாமல் இருந்த நாட்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இன்றைக்குப் பரவாயில்லை போல என்று அக்கா வீட்டுக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பிய நாள். சிரித்த முகமாக இருக்கிறாரே என்று பீரோவை நகர்த்த ஒரு கை பிடிக்கச் சொன்ன நாள். அன்றைக்கு அவர் பிடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வருடத்தையும் அவள் தலைகீழாகப் பிடித்துப் படித்திருக்கிறாள்.

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"என்னன்னு சொல்றது? வலிக்குதுன்னுதான் சொல்ல முடியும். அதைத்தான் தினமும் சொல்லிட்டிருந்தேனே."

அவள் அவருடைய காலைத் தன் மடியில் எடுத்துவைக்கலாமா என்று யோசித்தாள். எப்படித் தூக்கினால் வலிக்காது என்று தெரியாததால் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, தொடைக் கடுப்பு அநேகமாக விட்டிருந்தது. முழங்கால் குத்தல் மட்டும் பாக்கி. "பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கிட்டுக் கீழ போ" என்றார் அவர். அவள் கீழே போய்ச் சைக்கிளை வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்தபோது, மேலே ஜன்னலில் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எப்படி எழுந்தார் என்று தெரியவில்லை. "இடது பக்கமாத் திருப்பு. இன்னும். சீட்டை ரெண்டு விரக்கடை தூக்கு. இறுக்கு." அவள் இறுக்கினாள். கை முழுக்கக் கிரீஸ். "ஏறி ஒரு சுத்து சுத்து, கால் கீழ போறப்போ முழங்கால் எவ்வளவு மடங்குதுன்னு பார்க்கிறேன்."

நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களுக்கு நடுவே அவள் ஒரு சுற்று வந்தாள். உயரம் கூடியதில் முதலில் தடுமாறிற்று. முழங்கால் இதுவரை அறியாத ஒரு சுலபத்தோடு நீண்டு மடங்கியது. இன்னொரு சுற்று வந்து நிமிர்ந்து பார்த்தாள். "எப்படிங்க இருக்கு?"

அவர் பதில் சொல்லவில்லை. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. முகம் அமைதியாக, மிக அமைதியாக இருந்தது.

அவள் பிரேக்கைப் பிடித்தாள். "வலிக்குதா?"

அவர் ஆமாம் என்று தலையை அசைத்தார்.

"எந்த மாதிரி?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார். கண்களைச் சுருக்கி, எங்கோ உள்ளே ஒரு சொல்லைத் தேடுகிறவராக நின்றார். படுங்க என்று கத்த வந்ததை அவள் அடக்கிக்கொண்டாள். ஒரு காலைப் பெடலிலும் ஒரு காலைத் தரையிலுமாக ஊன்றி, அண்ணாந்து பார்த்து, வெயில் கண்ணில் அடிக்க, அவர் சொல்லப்போவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.