மூன்றாவது அட்டை

மருமகனை வெட்டக் கிளம்புவதற்கு முன் சபாபதி ஆண்டவரிடம் அனுமதி கேட்டார். கேட்ட லட்சணத்தைச் சொல்கிறேன். அவருடைய பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. கண்ணை மூடி ஒன்றை உருவினார். பொறுத்திரு என்றது. உள்ளே போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார். பகைவனுக்குச் சோறு போடு என்றது. அதையும் திணித்தார்.

"என்னாங்க இது, லாட்டரிக்கு நாலு நம்பரா எடுக்கிறீங்க? மொதல்ல வந்ததுதான் பதில் லா!" என்றாள் மனைவி புஷ்பவல்லி.

சபாபதி காதில் வாங்கவில்லை. உள்ளறையில் மகள் புனிதா உடைந்த தாடையில் கட்டோடு கிடந்தாள். நேற்று புருஷன் சதீஷ்குமார் அவள் முகத்தைச் சுவரில் மோதியிருந்தான். பெற்ற மனம் எரியாதா? எரிந்தது. மூன்றாவது அட்டை, எதிரியை உன் கையில் கொடுத்தேன் என்றது.

"பாத்தியா?" என்று பாராங் கத்தியை எடுத்தார். ஒரு காலத்தில் கிள்ளானில் அடிதடி என்றால் முதலில் கூப்பிடும் ஆள் அவர்தான். ஞானஸ்நானம் வாங்கி ஏழு வருடமாகியும் கைக்குப் பழக்கம் மறக்கவில்லை.

பூச்சோங்கில் சதீஷ்குமார் வீட்டு வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா, அவள அனுப்பலையா? இன்னும் ரெண்டு போட வேண்டியிருக்கு."

முதல் வெட்டு தோளில் இறங்கியது. அவன் அலறிக்கொண்டே பக்கத்தில் கிடந்த ஸ்பானரால் சபாபதியின் நெற்றியைப் பிளந்தான். இரத்தம் கண்ணை மறைக்க, அவர் தாழ்வாக வீசினார். தொடை கிழிந்தது. அவன் சாய்ந்தான். கழுத்துக்குக் கத்தியை ஓங்கியவர் தொடையைப் பார்த்தார். இரத்தம் விட்டுவிட்டுப் பீய்ச்சியது. அந்தப் பீய்ச்சலைக் கிள்ளானில் பார்த்திருக்கிறார். இன்னொரு வெட்டு தேவையே இல்லை, சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

கேட்டது கையில் கிடைத்தபோது அது வேண்டாமென்றிருந்தது. கத்தியை எறிந்தார். பெல்ட்டைக் கழற்றித் தொடையை இறுக்கி, இரண்டு கையாலும் காயத்தை அழுத்தினார்.

"ஐயோ அங்கிள், யாரு வெட்டுனது?" என்று பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்தாள்.

"நான்தாம்மா. ஆம்புலன்ஸ கூப்பிடு. போலீசுக்கும் சொல்லு."

"மாமா, குளிருது," என்றான் சதீஷ்குமார். உதடு வெளுத்திருந்தது.

"ஆண்டவரே, இவன் பொழைக்கணும்," என்று சபாபதி கத்தினார். இத்தனை வருடமும் பதிலைத் தானே எழுதி, ஆண்டவரிடம் கையெழுத்து மட்டும் கேட்டவர் அவர். இன்று என்ன பதில் வரும் என்று தெரியவில்லை. தெரியாததுதான் பயமாக இருந்தது. விரல்களுக்கிடையே சூடாக வழிந்துகொண்டே இருந்தது.

"உம்முடைய சித்தப்படியே ஆகட்டும்," என்றார் கடைசியில். கையை மட்டும் எடுக்கவில்லை.