திங்கட்கிழமையே புறப்பட்டுவிட்ட பை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பையைத் திறந்ததால் வந்தது. திருட்டுப் பை இல்லை, எங்கள் வீட்டுப் பைதான். ஆனாலும் திறந்திருக்கக் கூடாது. நேற்று திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறந்தேன். இன்று செவ்வாய், மத்தியானம் இரண்டு மணி. லீவு போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு பத்திரிகை சிரிப்புக் கதை கேட்டிருந்தது. குடும்பத்தோடு சென்னைக்கு ரயிலில் போய், ஒரு ராத்திரி தங்கி, ஊர் சுற்றிவிட்டு வர நாங்கள் போட்ட திட்டத்தையே எழுதிவிடலாம் என்றிருந்தேன். சிரிப்புக்கு அதில் குறைச்சலே இல்லை. நேற்று ஐந்து மணி வரைக்கும்.

2

முதல் ஆரம்பம்: 'அன்னவாசலிலிருந்து சென்னைக்குப் போக மூன்று பேருக்கு எத்தனை பை வேண்டும் என்ற விவாதம் மூன்றாம் நாளை எட்டியிருந்தது.'

நல்ல வாக்கியம்தான். ஆனால் இப்போது பை என்ற சொல்லில் கதையை ஆரம்பிக்க எனக்கு மனசில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாம் ஆரம்பம்: 'இந்துமதிக்குச் சென்னையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை திடீரென்று ஏன் வந்தது என்று அவள் கணவன்

[நிறுத்து. 'அவள் கணவன்' யாராம்? நான்தானே. யாரோ ஒருத்தனைப் பற்றிப் பேசுவதுபோல என்ன பாவனை?]

மூன்றாம் ஆரம்பம், பாவனை இல்லாமல்: நான் அன்னவாசலில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர். ஓய்வு நேரத்தில் கதை எழுதுகிறவன். என் மனைவி இந்துமதி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். மகள் இலக்கியாவுக்குப் பதின்மூன்று வயது. சென்னைப் பயணம் இந்துமதியின் யோசனை. கேட்டதும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் எதையும் வேண்டும் என்று கேட்டுப் பழகியவள் அல்ல அவள். இலக்கியா மெட்ரோ ரயில் என்று குதித்தாள். சரி போ என்று புதுக்கோட்டை ஸ்டேஷனில் மூன்று டிக்கெட் போட்டேன். சனிக்கிழமைக்கெல்லாம் வெயிட்டிங் லிஸ்ட் நீளமாக நின்றது. செவ்வாய் ராத்திரி ரயிலில்தான் கிடைத்தது.

செவ்வாய் என்றதும் இந்துமதி காலண்டரைப் பார்த்தாள்.

"ஏங்க, வடக்க சூலம்ங்க. சென்னை வடக்கதான இருக்கு?"

"ரயில்வேக்காரன்ட்ட சொல்லி தெற்க ஓட்டச் சொல்லவா?"

"சிரிக்காதீங்க. திங்கக்கெழமையே பரஸ்தானம் வச்சிருவோம்."

3

[வெளியூர் வாசகருக்கு: சூலம் இருக்கிற நாளில் அந்தத் திசைக்குப் புறப்பட வேண்டியிருந்தால், அதற்கு முந்தின ஒரு நல்ல நாளில் பயணப் பையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவோம். பை புறப்பட்டால் நாமே புறப்பட்ட மாதிரி. அதுதான் பரஸ்தானம். வைத்த பையைப் பயணத்தன்று எடுத்துக்கொண்டு அப்படியே போக வேண்டும். வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரக் கூடாது, நடுவில் திறக்கக் கூடாது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நேற்றிலிருந்து கொஞ்சம் உண்டு.]

நேற்றுக் காலையில் இந்துமதி பையைக் கட்டி, இரண்டு வீடு தள்ளி இருக்கிற பிச்சையம்மாள் அக்கா வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் பார்த்தால் என் போன் சார்ஜர் மேசையிலேயே கிடந்தது. இன்னொரு பை எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை, அந்த விவாதத்தில் நான்தான் ஜெயித்திருந்தேன். சார்ஜரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"வாங்க தம்பி, இங்கிட்டு உக்காருங்க. ஆட்ட அவுத்துக் கட்டிட்டு வந்திர்றேன்" என்று அக்கா கொல்லைப் பக்கம் போனார்கள். நான் ஜிப்பை இழுத்தேன்.

மேலே இலக்கியாவின் சுடிதார். அடுத்து என் வேட்டி, துண்டு. அதற்கும் கீழே ஒரு பிளாஸ்டிக் ஃபைல். இரண்டு நாள் ஊர் சுற்றுவதற்கு எதற்கு ஃபைல் என்று திறந்தேன். இந்துமதியின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டுகள், எல்லாம் ஒரிஜினல். அவற்றுக்கு அடியில் ஒரு பழுப்பு நிறக் கவர்.

அந்தக் கவர் எனக்குத் தெரியும்.

4

இந்த இடத்தில் கதையைப் புதுக்கோட்டை ஸ்டேஷனுக்கு நகர்த்திவிட்டு, பிளாட்பாரத்தைக் கொஞ்சம் வர்ணிக்கலாமா என்று யோசித்தேன். அரைப் பக்கம் எழுதியும் பார்த்தேன். கிழித்துப் போட்டாயிற்று.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், இலக்கியா இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தபோது, இந்துமதி ஒரு அரசுத் தேர்வு எழுதினாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு படித்தாள். சில மாதம் கழித்துத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. தேர்வில் அவள் தேறிவிட்டாள், சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஒரிஜினல்களோடு சென்னைக்கு நேரில் வர வேண்டும் என்றது கடிதம். தபால்காரர் அதை என் கையில் கொடுத்தார்.

நான் அவளிடம் கொடுக்கவில்லை.

[இதை எழுத எனக்குப் பதினொரு வருஷம் ஆகியிருக்கிறது.]

குழந்தை சின்னது, எந்த ஊரில் வேலை போடுவார்களோ என்று பயந்தேன்.* நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே தேதி கடந்துபோயிற்று. கடிதத்தை என் பழைய கையெழுத்துப் பிரதிக் கட்டுக்குள் செருகி வைத்தேன். பத்திரிகைகளிலிருந்து திரும்பி வந்த கதைகள் அவை. வீட்டில் யாரும் தொடாத ஒரே இடம் அதுதான்.

* பாதிப் பொய். சம்பளம் என்னுடையதைவிட அதிகம் என்று தெரிந்ததும் எனக்கு முகம் சுருங்கிப்போனது. அதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

இந்துமதி தபாலுக்குக் காத்திருந்தாள். அப்புறம் புத்தகங்களையெல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டாள். "எனக்கெல்லாம் பரீட்சை வராதுங்க, நான் மக்கு" என்று சொல்ல ஆரம்பித்தாள். இலக்கியா கணக்கில் மார்க் குறைந்தால், "எம் புத்தி வந்திருச்சு ஒனக்கு" என்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

5

கவரைத் திருப்பினேன். பின்பக்கம் பென்சிலில் அவள் கையெழுத்தில் ஒரு தேதி. இரண்டு வருஷத்துக்கு முந்தைய போகி.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீடு ஒதுங்கவைத்துக்கொண்டிருந்தவள் என் கையெழுத்துக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதையும் எரிச்சிரவாங்க?" என்று கேட்டாள். நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "எரிச்சிரு" என்றேன். கடிதம் அதற்குள் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது! ஒளித்துவைத்தவன் மறந்துவிட்டான். எரிப்பதற்கு முன்னால் அவள் ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்த்திருக்கிறாள்.

ஆக, இரண்டு வருஷமாக அவளுக்குத் தெரியும். இந்த இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் 'நான் மக்கு' என்று சொல்லவில்லை. அடப்பாவி, அதைக்கூட நான் கவனிக்கவில்லை. எழுத்தாளனாம்!

அக்காவின் காலடிச் சத்தம் கேட்டது. ஃபைலைத் திணித்து ஜிப்பை மூடினேன். சார்ஜர் என் கையிலேயே இருந்தது.

6

இன்று காலையில் சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"பையில என்ன வச்சிருக்க இந்து?"

"ரெண்டு நாளைக்கு வேண்டியது." அவள் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "ஏங்க, நாளைக்குக் காலையில எறங்குனதும் நீங்க இலக்கியாவ மெட்ரோல கூட்டிட்டுப் போங்க. எனக்கு ஒரு எடத்துக்குப் போகணும்."

"எங்க?"

"போயிட்டு வந்து சொல்றேன்."

"நானும் வாரேன்."

"வேணாங்க. நான் மட்டும் போறேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. ஒரிஜினல் சான்றிதழோடு எங்கே போகிறாள்? அந்த அலுவலகத்துக்குப் போய், இந்தக் கடிதம் என் கைக்கு வரவே இல்லை, என் வீட்டுக்காரர் ஒளித்துவிட்டார் என்று சொல்லப் போகிறாளா? வேறு வேலை பார்த்துவைத்திருக்கிறாளா? அங்கேயே இருந்துவிடப் போகிறாளா? வியாழக்கிழமை ராத்திரிக்குத் திரும்பிவர மூன்று டிக்கெட் போட்டிருக்கிறேன். மூன்றாவதில் அவள் வருவாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கலாம் என்றால், பையைத் திறந்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதோடு நிற்குமா?

7

முடிவுகள்.

(அ) கணவன் திரும்பவும் பக்கத்து வீட்டுக்குப் போகிறான். கடிதத்தை மட்டும் உருவிக் கிழித்து எறிந்துவிட்டால் சாட்சி கிடையாது. பிச்சையம்மாள் அக்கா வாசலிலேயே மறித்து, "பரஸ்தானம் வச்ச பையில கை வைக்கக் கூடாது தம்பி. இந்துமதி இப்பத்தான் வந்து ரெண்டு தடவ சொல்லிட்டுப் போயிருக்கு, அவரு வந்தாலும் குடுத்துராதீங்கன்னு" என்கிறார்கள்.

[இது முடிவு இல்லை. இன்று காலை பதினொரு மணிக்கு நடந்தது. ஆமாம், போனேன். கிழிக்கத்தான் போனேன். என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரிதான்.]

(ஆ) ரயிலில், இலக்கியா தூங்கியபின், கணவன் உண்மையைச் சொல்லி அழுகிறான். மனைவியும் அழுகிறாள். விழுப்புரம் தாண்டுவதற்குள் மன்னித்துவிடுகிறாள்.

இதை நான் ஏற்கெனவே பதினாலு தடவை எழுதியிருக்கிறேன். என் கதைகளில் வருகிற மனைவிகள் எல்லாருமே கடைசிப் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மன்னித்துவிடுவார்கள். அந்தப் பதினாலு கதைகளையும் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் டைப் அடித்துக் கொடுத்தது இந்துமதிதான். கடைசி மூன்றை அந்தப் போகிக்குப் பிறகு அடித்தாள். அடித்துவிட்டு மூன்று முறையும், "நல்லாருக்குங்க" என்றாள். ஐயோ, எப்படி அடித்தாளோ!

(இ) அவள் சென்னையிலேயே

எழுத முடியவில்லை.

8

மணி மூன்றரை. இந்துமதி கடைக்குப் புறப்பட்டு, நான் எழுதிக்கொண்டிருக்கும் மேசைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறாள்.

"கதைய முடிச்சாச்சா? குடுங்க, ரயிலுக்கு முந்தி அடிச்சு பத்திரிகைக்கு அனுப்பிர்றேன்."

"இன்னும் முடிவு எழுதல இந்து."

"எப்பவும் எழுதுற முடிவுதான? எனக்கு மனப்பாடம். நானே அடிச்சுக்கிறேன், குடுங்க."

கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். இது சிரிப்புக் கதை இல்லை என்று இன்னும் அவளுக்குத் தெரியாது. வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, பதினொரு வருஷமாக வராதது இந்த ஐந்து நிமிஷத்தில் வரவா போகிறது? தாளைக் கொடுத்துவிடப் போகிறேன். கோடு போட்டு அடித்ததையும் திருத்தியதையும் சேர்த்து, எல்லாத் தாளையும். இந்த ஒரு தபாலையாவது அவள் கையில் சேர்த்துவிடுகிறேன்.

வாசகரே, இதற்குக் கீழே ஏதாவது வரி இருந்தால் அது அவள் எழுதியது. ஒன்றுமே இல்லையென்றால், அவள் எல்லாவற்றையும் படித்து, ஒரு எழுத்து விடாமல் அடித்து, உங்களுக்கு அனுப்பிவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் பையை எடுக்கப் போயிருக்கிறாள். அவள் என்ன முடிவு செய்திருப்பாள் என்று எனக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.