நேசக்குமாரின் நீண்ட ஜெபம்

இருட்டைத் தேடி வந்தவர்கள் வேனிலிருந்து முதலில் இறக்கியது ஜெனரேட்டரை. அதன் பின்னால் கூடாரங்கள், பிளாஸ்டிக் நாற்காலிகள், எரிவாயு அடுப்பு, மேசை விசிறி, மெத்தைகள். மணப்பாட்டுக்கு வடக்கே, உடைமரங்களுக்கும் அலைக்கும் நடுவே கிடந்த மணலில், பொழுது சாயுமுன் நாசரேத்தில் இருக்கும் அவர்கள் வீட்டின் முன்னறை அப்படியே எழுந்து நின்றது. சுவர்கள் மட்டுந்தான் குறைவு.

ஜெபசுதா ஒரு நாற்காலியில் அமர்ந்து இந்த அலங்கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவள். எந்தப் பொருளும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்பவள். கடற்கரையில் மேசை விசிறியின் இடம் எது என்று அவளுக்கு விளங்கவில்லை.

அவள் கேட்டது மிகச் சிறிய விஷயம். விழித்திரை ஓரத்திலிருந்து பட்டுப்போய்க்கொண்டு வருகிறது, பகல் பார்வை பல வருஷம் நிற்கும், இரவுப் பார்வை இந்த வருஷத்தோடு சரி என்று திருநெல்வேலிக் கண் மருத்துவர் சொல்லிவிட்டார். விளக்கே இல்லாத இடத்தில் ஒரே ஓர் இரவு உட்கார்ந்து, கார்த்திகை என்னும் அறுமீன் கூட்டத்தின் ஆறு நட்சத்திரங்களையும் கடைசியாக ஒரு முறை தனித்தனியாகப் பார்த்துவிட வேண்டும் என்று கணவர் எஸ்றாவிடம் கேட்டாள். வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் இப்போது ஒரு கறைதான் தெரிந்தது. நோயை வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் சொல்லியிருந்தாள்.

எஸ்றா நோயைச் சொல்லவில்லை. ஆனால் அண்ணனைக் கேட்காமல் தலைமுடிகூட வெட்டாதவர் அவர். கிறிஸ்துமஸுக்குப் பெங்களூரிலிருந்து வந்திருந்த அண்ணன் நேசக்குமாரிடம், கடற்கரைக்குப் போகலாமா என்று அனுமதி கேட்டார். நேசக்குமார் அதைக் கேம்பிங் ஆக்கிவிட்டார்.

"பாத்தியா சுதா, வீட்டுல இருக்க மாதிரியே இருக்குல்லா?"

"வீட்டுலயே இருந்திருக்கலாமே அத்தான்."

நேசக்குமார் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அவர் மனைவி ரோஸ் செருப்பைத் தட்டித் தட்டி அலுத்துப்போனாள். "எங்கன பாத்தாலும் ஒரே மணலா கெடக்கு, சுதா."

"கடற்கரையில வேற என்னத்தக்கா எதிர்பாத்திய?"

அவர்கள் மகன் பெவின் ஒரு மூங்கிலை நட்டு, அதன் உச்சியில் பல நிறங்களில் மின்னும் பிளாஸ்டிக் நட்சத்திரத்தைக் கட்டினான். மழை விட்டுக் கழுவிப்போட்டது போன்ற மார்கழி வானத்துக்கு எதிரில் அது கண்ணைச் சிமிட்டிற்று. எதிரே கடல் முழுக்க மீன் இருக்க, பெங்களூரில் வாங்கி ஐஸ்பெட்டியில் கொண்டுவந்த கோழியைச் சுட்டார்கள். சுடும்போதே அதைப் படம் பிடித்து, இயற்கையோடு ஒன்றிப்போன இரவு என்று எழுதி யாருக்கோ அனுப்பினார்கள். படத்தில் இரவு விழவேயில்லை, அத்தனை வெளிச்சம்.

சாப்பாடு முடிந்ததும் ஜெபசுதா கேட்டாள். "அத்தான், லைட்டக் கொஞ்சம் அமத்துவமா? வானத்தப் பாக்கணும்."

"பூச்சி பொட்டு வந்துரும். இருட்டுல என்னத்தளா பாக்கப் போற?"

அவள் கணவரைப் பார்த்தாள். எஸ்றா தம் தட்டைப் பார்த்தார். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று தட்டிடம் சொன்னார்.

பிறகு குடும்ப ஜெபம். அந்தக் குடும்பத்தில் ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறப்பதும் இடத்தை விட்டு எழுவதும் திருட்டுக்குச் சமம். திறந்தவனைக் கண்டுபிடிக்க இன்னொருவன் திறந்திருக்க வேண்டுமே என்று இதுவரை எவரும் கேட்டதில்லை. நேசக்குமாரின் ஜெபமோ, தொடங்கினால் குழம்பு ஆறி ஆடை படிந்த பிறகுதான் முடியும். திருமணமாகி வந்த நாள் முதல் ஜெபசுதா வெறுத்த நீளம் அது.

"எங்கள் அன்புள்ள பரம பிதாவே," என்று அவர் தொடங்கினார். எல்லாக் கண்களும் மூடின.

அவள் எழுந்தாள். நாற்காலி முதுகுகளைப் பிடித்துப் பிடித்து ஜெனரேட்டர் வரை நடந்து அதை நிறுத்தினாள்.

பிளாஸ்டிக் நட்சத்திரம் அணைந்தது. நேசக்குமாரின் குரல் ஒரு கணம் தடுக்கிற்று. "இந்தக் கரண்டையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம், ஆண்டவரே." ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. "பெவின், ஜெபத்துல எந்திரிக்காதலே." பிறகு வடநாட்டு ஊழியங்களுக்குப் போனார்.

ஜெபசுதா மணலில் உட்கார்ந்து தலையை நிமிர்த்தினாள். தெற்கே கலங்கரை விளக்கம் சுழன்றது. அதற்கு ஒரு வேலை இருந்தது, ஆகையால் அதை மன்னித்து முதுகைக் காட்டினாள். கண் இருட்டுக்குப் பழக நேரம் வேண்டும் என்று எத்தனையோ வகுப்புகளில் சொல்லியவள் அவள். மங்கலான விண்மீனை நேரே பார்க்காதீர்கள், சற்று விலகிப் பாருங்கள் என்றும் சொல்லியிருந்தாள். அந்த விலகிய ஓரந்தான் இப்போது அவளிடமிருந்து போய்க்கொண்டிருந்தது.

முதலில் கறை. நேசக்குமார் ரோஸின் முழங்காலுக்கு வந்தபோது கறை பிரிந்து மூன்றாயிற்று. பெவினின் விசாவுக்கு வந்தபோது நான்கு.

"கடைசியாக, ஆண்டவரே..."

அவளுக்குத் திடுக்கென்றது. அந்த மனிதரிடம் அவள் இதுவரை எதையும் அதிகமாகக் கேட்டதில்லை. "அத்தான், சாத்தான்குளத்து அத்தை வீட்ட விட்டுட்டிய."

நேசக்குமார் சாத்தான்குளத்துக்குத் திரும்பினார். அத்தை வீட்டில் ஆட்கள் அதிகம், ஒவ்வொருவராக ஆசீர்வதித்தார். ஐந்தாவது மீன் வந்து நின்றது. ஆறாவது இருக்கிறதா என்றால் இருந்தது, பார்த்தால் இல்லை. அதற்குள் அத்தை வீடு தீர்ந்துவிட்டது.

"பிதாவே, ஆமென்."

பெவின் எழும் ஓசை கேட்டது.

"நானும் ஒரு வார்த்தை ஜெபிக்கேன்," என்றார் எஸ்றா. நாற்காலி மறுபடி கிரீச்சிட்டு அமர்ந்தது.

இத்தனை வருஷத்தில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வாய்விட்டு ஜெபிக்காதவர். முதலில் வேன் டிரைவருக்காக ஜெபித்தார். பிறகு வேனுக்காக. பொருள் தீர்ந்துபோய், உடைமரங்களுக்கும், மணலில் ஓடும் நண்டுகளுக்கும், ரோஸ் மைனி கொண்டுவந்த கொசு மருந்துக்கும் நன்றி சொன்னார். கோர்வையில்லாத, கேட்கச் சகியாத ஜெபம். ஜெபசுதா தலையைத் தாழ்த்தவில்லை. நண்டுகளுக்கும் கொசு மருந்துக்கும் நடுவே, ஐந்தின் அருகில் ஊசிமுனை அளவு ஒன்று நின்றது. அவள் பார்வையை விலக்கினாள்; அது போகவில்லை.

"ஏலே எஸ்றா, முடிச்சிருலே," என்று நேசக்குமார் பல்லைக் கடித்தார்.

"முடிக்க முன்னால, ஆண்டவரே, ஜெனரேட்டரக் கண்டுபிடிச்சவரு குடும்பத்தையும் நினைச்சுக்கிடும்..."

வாழ்நாளில் முதல் முறையாக எஸ்றா அண்ணன் சொல்லைத் தட்டினார். அதையும் கண்ணை மூடிக்கொண்டுதான் செய்தார்.