மத்தியானத் தண்ணீர்

எங்கள் மலையில் ஏசி வைத்திருப்பது மானக்கேடு. ஆகஸ்டிலும் கம்பளி போர்த்திப் படுக்கிற ஊர் என்று கொரியாவின் காங்வோன் மாகாணம் முழுக்கப் பீற்றிக்கொண்டவர்கள் நாங்கள். கிம்ச்சி ஊறுகாய் போடுகிற கோஸுக்கு அந்தக் குளிர்தான் உயிர். கீழே சமவெளி கொதிக்கிற மாதத்தில் எங்கள் வயல்கள்தான் கோஸ் கொடுத்தன.

இந்த வருடம் என் தம்பி தொக்சு விடுமுறைக்கு வரும்போது வண்டியில் ஓர் ஏசியைக் கட்டிக்கொண்டு வந்தான். மேற்குக் கடற்கரையில் அனல்மின் நிலையம் ஒன்றில், கொதிகலனுக்குக் கரி அனுப்புகிற பிரிவில் அவனுக்கு வேலை. ராத்திரிப் புழுக்கத்தில் தூக்கமே இல்லை என்று நான் போனில் முனகியதைக் கேட்டு வாங்கியிருக்கிறான். ஊர் சிரிக்கும் என்றேன். ஊரில் பாதிப் பேர் வீட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பதை வருகிற வழியிலேயே பார்த்துவிட்டானாம். ஜன்னலில் பொருத்தியும் விட்டான். நான் ஸ்விட்சைத் தொடவில்லை.

என் கவலை வேறு. வாரக் கடைசியில் வியாபாரி பியோன் வருவார். ஒன்றிரண்டு கோஸை வெட்டிப் பார்ப்பார். உள்ளே வெள்ளையாக இருந்தால் வயலில் நிற்கிற கோஸை அப்படியே விலைக்கு எடுத்துக்கொள்வார். போன வருடமும் எடுக்கவில்லை, அதற்கு முந்தின வருடமும் எடுக்கவில்லை. இந்தத் தடவையும் விளைச்சல் போனால் வயலை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். இதற்கு மேல் ஏமாற உடம்பில் தெம்பில்லை.

மருந்தடித்த களைப்பில் ஒரு நாள் மத்தியானம் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது தண்ணீர் சத்தம் கேட்டது. வயலில் தெளிப்பான்கள் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. நடுவில் தொக்சு, சட்டை நனைந்து, பெருமையாக நின்றுகொண்டிருந்தான். ஓடிப்போய் மோட்டாரை அணைத்தேன். அதற்குள் மண் ஆவி விட ஆரம்பித்திருந்தது.

"என்னக்கா, இலையெல்லாம் தொங்குதேன்னு விட்டேன். அப்பா மத்தியானத்துலதானே விடுவாரு?"

அப்பா விடுவார்தான். அப்போது மத்தியான மண்ணும் சில்லென்று இருக்கும். சின்ன வயதிலேயே ஊரை விட்டுப் போன இவன் தலைக்குள் இன்னும் அந்த மலைதான் இருக்கிறது. இப்போது உச்சி வெயிலில் தண்ணீர் விட்டால் கோஸ் நின்ற இடத்திலேயே வெந்துவிடும். இதை அவனுக்கு முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பியோன் வந்தார். வெளியே பார்க்க ஒரு குறையும் இல்லை. கத்தியை இறக்கினார். உள்ளே நடுப்பகுதி பழுப்பாகக் கூழாகியிருந்தது. இன்னொன்றை வெட்டினார், அதுவும் அப்படித்தான். கத்தியைத் துடைத்துக்கொண்டு, கீழே சமவெளியில் விளைந்த ஆப்பிள்தான் இனிமேல் இங்கே வரும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தொக்சு வயல் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"நான்தான்கா கெடுத்தேன்."

"நீ தண்ணி விடலேன்னாலும் போயிருக்கும்டா. ரெண்டு நாள் கழிச்சுப் போயிருக்கும்."

"தண்ணிய சொல்லலக்கா. வருசம் பூரா எரிக்கிறோமே, அந்தக் கரிய சொல்றேன். புகை மேல போயி போர்வையா மூடிக்குது, சூடு வெளிய போக மாட்டேங்குது. கூட்டம் போட்டே சொன்னாங்க. கேட்டுட்டு ஷிஃப்டுக்குப் போயிட்டோம்."

அவனை ஓர் அறை விடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் காட்டை வெட்டிக் கொளுத்தித்தான் அப்பா இந்த வயலையே போட்டார். அந்த மரங்கள் நின்றிருந்தால் கொஞ்சம் புகையையாவது குடித்திருக்கும். மூட்டை மூட்டையாக உரம் கொட்டி, அந்தப் போர்வையில் சேர்கிற வாயுவாக மண்ணையே புகைய விட்டது நான். யாரைத் திட்டுவது? அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

சாயங்காலம் அவனுக்குப் போன் வந்தது. விடுமுறை ரத்து. நாடு முழுக்க ஏசி ஓடுகிறது, மின்சாரம் போதவில்லை, உடனே வா என்றார்களாம். பையை வண்டியில் போட்டவன் திரும்பி என் ஜன்னலைக் காட்டினான்.

"இன்னிக்காவது போட்டுட்டுத் தூங்குக்கா. அங்க நான்தானே கரி போடப் போறேன்."

அவன் போன பிறகு வயலிலிருந்து அழுகல் வாடை வீட்டுக்குள் வந்தது. கதவைச் சாத்தினேன். புழுக்கம் தாங்கவில்லை. ஸ்விட்சைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அறை அப்பா காலத்து ஆகஸ்ட் மாதிரி ஆகிவிட்டது. பெட்டியில் கிடந்த கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. அணைக்கவில்லை.