இறக்கிவிடத் தலைவர் வருகிறார்

திண்டிவனம் மேட்டுத் தெருவில் மேடு கிடையாது. மழை பெய்தால் நாலு பக்கத்துத் தண்ணீரும் அங்கேதான் வந்து நிற்கும். ஆனாலும் அந்தத் தெருவுக்கு ஒரு முன்னேற்ற மன்றம் உண்டு, மன்றத்துக்கு ஒரு செயலாளர் உண்டு. செயலாளர் சீனுவாசன் நிலக்கடலை வாங்கி விற்கிற மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். மண்டியை அவர் மனைவி கிருஷ்ணவேணி பார்த்துக்கொண்டாள், தெருவின் முன்னேற்றத்தை அவர் பார்த்துக்கொண்டார். மண்டி நன்றாக நடந்தது.

எண்பத்தாறாம் வருஷம் பொங்கல் கழிந்த கையோடு, எத்தனையோ வருஷமாக நடக்காத முனிசிபல் தேர்தல் நடக்கப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. சீனுவாசனுக்குத் தூக்கம் போயிற்று. நாற்பத்தெட்டு வயதுக்குள் ஒரு மனிதன் கவுன்சிலராகாவிட்டால் அப்புறம் என்ன ஜென்மம்? ஆனால் சீட்டு கொடுக்கிற கை விழுப்புரத்தில் இருந்தது. கட்சித் தலைவர் தாண்டவராயனின் கை அது. அவரை இரண்டு தடவை போய்ப் பார்த்து எலுமிச்சம்பழம் கொடுத்துவிட்டு வந்தார் சீனுவாசன். இரண்டு தடவையும் தலைவர் பழத்தைத்தான் பார்த்தார்.

அந்தக் கையைத் தெருவுக்கே வரவழைத்தால்தான் காரியம் ஆகும். அதற்கு ஒரு விழா வேண்டும். கீழத் தெருக்காரர்கள் பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைத்து, மாமியார் கொடுமையா நாத்தனார் கொடுமையா என்ற பேச்சில் கேட்க வந்த பெண்களுக்குள்ளேயே அடிதடியாகி, நடுவர் தீர்ப்புச் சொல்லாமல் பஸ் ஏறியிருந்தார். அவர்களை மிஞ்ச வேண்டும். மன்றம் கூடி, மூன்று ரவுண்டு டீ குடித்து, சைக்கிள் சாதனை என்று முடிவு செய்தது. ஒருவன் ஏழு நாள், இரவும் பகலும், சைக்கிளை விட்டு இறங்காமல் மைதானத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பான். கடைசி நாள் தலைவர் வந்து மாலை போட்டு, கையைப் பிடித்து இறக்கிவிடுவார்.

அதற்குப் பெயர்போனவன் பெருமுக்கல் சவுரிராயன். சாதாரண நாளில் கல் உடைப்பான், திருவிழா நாளில் சைக்கிள் ஓட்டுவான். வல்லத்திலும் செஞ்சியிலும் அவன் ஓட்டியதை இன்னும் பேசிக்கொள்கிறார்கள். வந்த அன்றைக்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டான்.

"சார், ஞாயித்துக்கெழம சாயங்காலம் கரெக்டா எறங்கிடுவேன். திங்கக்கெழம காலைல எந்தங்கச்சி அம்சவள்ளிக்குக் கல்யாணம். எங்கப்பா இல்ல. நாந்தான் அது கையப் புடிச்சி மாதா கோயிலுக்குள்ள கூட்டிக்கினு போவணும்."

"அட, நீ ஏன் பேஜாராவுற? தலைவர் கையால எறக்கி, கார்லயே அனுப்பி வெக்கிறேன்" என்றார் சீனுவாசன். கார் அவரிடம் கிடையாது. வாய் இருந்தது.

அந்த ஏழு நாளும் மேட்டுத் தெரு தன் ஜென்மத்தில் காணாத ஒற்றுமையோடு இருந்தது. மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, கலர்க் காகிதம் ஒட்டி, வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் வைத்தார்கள். மைக் செட் பெரியசாமி, சாதனை வீரர் இப்போது பல் துலக்குகிறார், சாதனை வீரர் இப்போது இட்லி சாப்பிடுகிறார் என்று ஊருக்கே அறிவித்தான். சவுரிராயன் சைக்கிள் மேலேயே குளித்தான், சைக்கிள் மேலேயே சவரம் செய்துகொண்டான். அவன் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிடப் பெண்கள் போட்டி போட்டார்கள். மற்ற நாளில் அவன் எந்த வாசல் வரைக்கும் வரலாம், எங்கே நின்றுவிட வேண்டும் என்று கறாராகக் கணக்கு வைத்திருக்கிற தெருதான் அது. சைக்கிள் மேல் இருக்கிற வரைக்கும் அவனை வீரர் என்று கூப்பிட அதற்கு ஒரு கஷ்டமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேடை தயார், மாலை தயார், கூட்டம் தயார். தலைவர்தான் இல்லை. மண்டிக்குப் போன் வந்தது. விழுப்புரத்தில் தலைவருக்கு முக்கியமான ஒரு காது குத்து, நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறார். சீனுவாசனுக்கு ஒரு கணம் மயக்கம் வந்தது. அடுத்த கணம் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"பொதுமக்களின் அன்பான வேண்டுகோளுக்கு இணங்க, நமது சாதனை வீரர் நாளைக் காலை வரை சாதனையை நீட்டிக்கிறார்!"

பொதுமக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், வேண்டிக்கொண்டது யாரென்று தெரியாமல். இருந்தாலும் கைதட்டினார்கள். சவுரிராயனுக்கும் செய்தி அப்போதுதான் தெரிந்தது.

அவன் சுற்றி வந்து சீனுவாசனைத் தாண்டும்போது சொன்னான்: "சார், காலைல கல்யாணம் சார்!"

பதில் சொல்வதற்குள் சைக்கிள் போய்விட்டது. அடுத்த சுற்று வரைக்கும் காத்திருந்து, "பத்து மணிக்குத் தலைவர் வந்துருவாரு, பத்தரைக்கு நீ கல்யாணத்துல இருப்ப" என்றார் சீனுவாசன்.

"எட்டரைக்குப் பூச சார்!" என்று முதுகுப் பக்கமிருந்து கேட்டது.

அடுத்த சுற்று. "சாமியாருகிட்ட ஆள் அனுப்பி லேட்டா வெக்கச் சொல்லலாம்யா."

"அவுரு அடுத்த ஊரு பூசைக்குப் போவணும் சார். நான் எறங்கிடறேன் சார்."

அதற்கடுத்த சுற்றுக்குள் சீனுவாசனுக்குக் கோபம் ஏறியிருந்தது. நியாயத்தை இப்படித் தவணை முறையில் பேசினால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? கூடவே நாலடி ஓடி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எறங்கு, தாராளமா எறங்கு. தலைவர் வர்றதுக்கு முன்னாடி உங்காலு தரையில பட்டுச்சின்னா, சாதனை முறிஞ்சி போச்சின்னு இதே மைக்ல சொல்லுவேன். அப்புறம் எந்த ஊர்ல எவன் உன்னக் கூப்புடறான் பாக்கலாம்."

சவுரிராயன் பதில் பேசவில்லை. அதற்கப்புறம் வந்த சுற்றுகளிலும் பேசவில்லை. அவனுடைய கண் கலங்கியிருந்ததைக் கயிற்றோரம் இட்லி விற்ற குப்பம்மாள் பார்த்தாள். சீனுவாசன் பார்க்கவில்லை. மௌனம் சம்மதம் என்று வீட்டுக்குப் போனார்.

வீட்டில் கிருஷ்ணவேணி சோறு போடும்போதே ஆரம்பித்துவிட்டாள். "ஏங்க, அந்தப் புள்ள தங்கச்சி கல்யாணத்துக்குப் போவாம தடுத்து, நீங்க கவுன்சிலராயி என்னத்தக் கிழிக்கப் போறீங்க?"

"பொது வாழ்க்கைன்னா தியாகம் வேணும்டி" என்றார் சீனுவாசன்.

"தியாகம் பண்றது அவன். உங்களுக்கு இன்னோரு அப்பளம் வேணுமா?" என்றாள். அப்பளத்தை வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை விடிந்ததும் சவுரிராயன் சைக்கிள் மேலேயே தலைக்குக் குளித்தான். துவட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கென்று வைத்திருந்த புதுச் சட்டையை, சுற்றிக்கொண்டே மாட்டிப் பொத்தான் போட்டான். கூட்டம் கைதட்டியது. பிறகு குப்பம்மாள் பக்கம் வந்தபோது மெதுவாகச் சொன்னான்: "யக்கா, அடுத்த சுத்துல கயித்த ஒசத்திப் புடிக்கா."

குப்பம்மாள் ஏனென்று கேட்கவில்லை. இட்லிப் பானையை ஓரமாகத் தள்ளிவிட்டு, கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். அவன் குனிந்து, அதற்கடியில் புகுந்து, தெருவில் இறங்கிவிட்டான். சைக்கிள்தான் இறங்கியது, அவன் கால் இறங்கவில்லை.

டீக்கடையில் உட்கார்ந்திருந்த சீனுவாசன் மணிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். சாதனை அவர் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

"டேய்! டேய்! எங்கடா?"

"காலு தரையில படல சார், எல்லாரும் பாத்துக்குங்க! கல்யாணத்துக்குப் போயிக்கினு இருக்கறேன்!"

தெருப் பையன்கள் அத்தனை பேரும் ஓவென்று கத்திக்கொண்டு, கிடைத்த சைக்கிளில் ஏறிப் பின்னாலேயே கிளம்பினார்கள். ஏழு நாள் பார்த்தவர்களுக்குக் கல்யாணச் சாப்பாடு இல்லாமலா போகும்? மரக்காணம் ரோடு திரும்பும் வரை அந்தச் சத்தம் கேட்டது. பெரியசாமி தன் கடமை தவறாமல், சாதனை வீரர் இப்போது வெளியூர் செல்கிறார் என்று அறிவித்தான்.

சீனுவாசன் தலையில் கை வைத்துக்கொண்டார். மாலை இருக்கிறது, மேடை இருக்கிறது, பத்து மணிக்குத் தலைவர் வருகிறார். யாரை இறக்குவது? மன்றப் பொருளாளர் மாசிலாமணி ஒல்லியாகச் சவுரிராயன் மாதிரியே இருப்பார், ஆனால் சைக்கிள் தெரியாது. பெரியசாமியைக் கேட்டால், நான் ஏறிட்டா மைக்க எவன் பாப்பான் என்றான். வாலிபர்கள் யாரும் ஊரில் இல்லை. மிஞ்சியிருந்த ஆண்களெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிற வயசு.

பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. தலைவர் வரவில்லை. பன்னிரண்டு மணிக்குத் தெருமுனையில் கார் ஹாரன் கேட்டபோதுதான் சீனுவாசனுக்கு அந்த யோசனை உதித்தது. தலைவர் சவுரிராயனைப் பார்த்ததில்லை. ஓட்டியவர் செயலாளரே என்று சொன்னால் என்ன? ஏழு நாள் சைக்கிளில் சுற்றிய வீரனுக்குச் சீட்டு இல்லையென்று எந்தக் கட்சி சொல்லும்? பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டார். பால் எவ்வளவு சூடு என்று அப்போது தெரியவில்லை.

பெரியசாமியின் சைக்கிளைப் பிடுங்கி ஏறினார். மாசிலாமணி அவர் தலையில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டி வேர்வை உண்டாக்கினார். வேட்டி செயினில் மாட்டாமல் மடித்துக் கட்டியதில், ஏழு நாள் சோறு தண்ணி சரியாக இல்லாத தொப்பை முழுசாகத் தெரிந்தது.

தலைவர் தாண்டவராயன் மேடை ஏறி, "யாருய்யா அது ஓட்டறது?" என்று கேட்டார்.

"எங்க மன்றச் செயலாளரேதாங்க. ஏழு நாளா எறங்கவேயில்ல" என்றார் மாசிலாமணி, மைக்கிலேயே.

பெண்கள் கூட்டம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. தலைவர் அதை உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டார். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முக்கால் மணி நேரம் பேசினார். சீனுவாசன் முக்கால் மணி நேரமும் சுற்றினார். பத்தாவது சுற்றிலேயே தொடை கடுத்தது, அப்புறம் இடுப்பு போயிற்று. சீட்டு, சீட்டு என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். தலைவர் ஒருவழியாக மாலையைக் கையில் எடுத்தார். எடுத்தவர் போடாமல் நிறுத்தினார்.

"இப்பேர்ப்பட்ட தியாகச் சிங்கத்தை இறக்கிவிட எனக்கு என்ன தகுதி இருக்கிறது? புதன்கிழமை நமது மந்திரி இந்த வழியாகத்தான் புதுச்சேரி போகிறார். அவர் பொற்கரத்தால் தம்பி இறங்கட்டும்! இந்த வார்டின் வேட்பாளர் யாரென்று அதே மேடையில் அறிவிப்போம்!"

இதுவரை மேட்டுத் தெருவில் எழும்பாத கைதட்டல் அன்றைக்கு எழும்பியது. கிருஷ்ணவேணி எல்லாரையும் விடச் சத்தமாகத் தட்டினாள். தலைவர் காரில் ஏறும்போது, கால் கீழே படாமல் பார்த்துக்கொள்ளக் கட்சிக்காரர்கள் இரண்டு பேரை விட்டுவிட்டுப் போனார். அவர்கள் கயிற்றோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குப்பம்மாளிடம் ஆளுக்கு எட்டு இட்லி வாங்கினார்கள்.

சாயங்காலம் மரக்காணம் பஸ்ஸில் வந்து இறங்கினான் சவுரிராயன். கையில் கல்யாண லட்டுப் பொட்டலம். தெருவே அவனைச் சூழ்ந்துகொண்டது.

"நேரத்துக்குப் போனியா சாமி?" என்றாள் குப்பம்மாள்.

"கோயில் வாசல்ல போயி நின்னேன்க்கா. சைக்கிளோடதான். அம்சவள்ளி அழுதுக்கினே வந்து, அதுதான் எங்கையப் புடிச்சி எறக்குச்சி" என்றான். சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதான். குப்பம்மாளும் அழுதாள்.

சீனுவாசன் சுற்றி வந்து அவனைப் பார்த்தார். முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. கட்சிக்காரர்களுக்குக் கேட்காமல், "சவுரி, ஒன்ன விட்டா ஆளில்லடா. இருட்டுனப்புறம் எனக்குப் பதிலா ரெண்டே ரெண்டு சுத்து…" என்பதற்குள் சைக்கிள் தாண்டிப் போய்விட்டது.

சவுரிராயன் மைதானத்து மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். ஒரு லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, அவர் அடுத்த சுற்று வரும்வரை மரியாதையாகக் காத்திருந்தான்.

"இல்ல சார். நான் எறங்கிட்டேன்" என்றான்.